வண்டியின் வாலில் ஒரு சமையலறை

அமெரிக்காவிலே ஒரு வகை வண்டி உண்டு. அதற்கு மாடும் இல்லை, குதிரையும் இல்லை, இயந்திரமும் இல்லை. இரண்டே சக்கரம். மோட்டார் காரின் பின்புறத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால், கார் போன இடமெல்லாம் கன்றுக்குட்டி போல் பின்தொடர்ந்து வரும். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, ஒரு சொட்டு நீரைப் படுக்கவைத்தாற் போல் இருப்பதால் அதற்கு 'டியர்டிராப்', அதாவது கண்ணீர்த்துளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் சோகமே தவிர, அதில் ஏறிப் போகிறவர்கள் பெரும்பாலும் உல்லாசமாகவே போகிறார்கள்.

1930-களில் அந்நாட்டில் பொருளாதார நெருக்கடி கடுமையாயிருந்த காலத்தில் பிறந்த வண்டி இது. தச்சு வேலை தெரிந்தவர்கள் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்து வீட்டுக் கொல்லையிலேயே செய்துகொண்டார்கள். அகலம் நாலு அடி, நீளம் எட்டு அடி என்ற அளவே பெரும்பாலும் வழக்கமாயிற்று. கடையில் விற்கும் ப்ளைவுட் பலகையும் நாலுக்கு எட்டு, காரணம் அவ்வளவுதான். யுத்தம் முடிந்த பிறகு, 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்' என்ற பத்திரிகை இவ்வண்டிக்கு ஒரு வரைபடம் வெளியிட்டது. பிறகு பெரிய வீட்டு வண்டிகள் வந்து இதை ஓரம் கட்டின. ஆனால் சின்ன வண்டியின் மேல் ஆசை மறுபடியும் துளிர்த்து, இன்று பலர் இதைத் தம் கையாலேயே செய்துகொள்கிறார்கள்.

உள்ளே நிற்க முடியாது. இரண்டு பேர் படுக்கலாம். ஒரு குழந்தையைக் குறுக்கே போட்டுக்கொள்ளலாம். சமையலறை எங்கே என்று கேட்பீர்கள். வண்டியின் வாலில் இருக்கிறது. பின்கதவை மேலே தூக்கினால் அது கூரை போல் நிற்கும். அதன் கீழ் ஓர் அடுப்பு, நாலைந்து தட்டுகள், பாத்திரங்கள். சமைக்கிறவர் வெளியே தரையில் நின்றுகொண்டு சமைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பாட்டனார் உண்டு. 1866-ஆம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணத்தில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப்பண்ணைக்காரர், மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் செல்லும் ஆட்களுக்குச் சோறு போடுவதற்காக, பட்டாளத்தார் கழித்த பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அதன் பின்புறத்தில் இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட ஒரு பெரிய பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் மூடி கீழ்ப்பக்கத்துக் கீலில் திரும்பி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மேஜையாக நிற்கும். அதற்குச் 'சக் வேகன்' என்று பெயர். 'சக்' என்றால் அவர்களுடைய கொச்சைப் பேச்சில் ஆகாரம். இரவு படுக்கப் போகுமுன் சமையற்காரன் வண்டியின் ஏர்க்காலை வடதுருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பான் என்றும், காலையில் திசை தெரிந்துகொள்ள அதுவே வழியென்றும் சொல்வதுண்டு. மந்தை ஓட்டுகிறவர்களின் உலகத்தில் சமையற்காரனுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், என் தமக்கை மகன் வீட்டுக்கு நான் போயிருந்தேன். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது அவன் ஊர். அவன் ஒரு கண்ணீர்த்துளி வண்டி வாங்கியிருந்தான். ஆனால் வால் வெறுமையாயிருந்தது. பழைய அடுக்களையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய உத்தேசித்து, கணினியில் அழகான படம் வரைந்து வைத்திருந்தான். ஒரே நீளமான பெட்டி. சறுக்குத் தண்டவாளத்தின் மேல் ஓடிப் பின்புறமாக வெளியே வரும். வேண்டாதபோது மொத்தமாகக் கழற்றி வைத்துவிடலாம்.

அவன் மனைவி படத்தைப் பார்த்தாள். "கழற்றுவது சரி, இதை யார் தூக்குவது?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் படத்தில் இல்லை. பெட்டி காலியாக இருக்கும்போதே இரண்டு ஆள் எடை. அன்று முதல் வரைபடம் அவள் கைக்குப் போயிற்று. நானும் அவனும் அறுக்கவும் தேய்க்கவும் ஆட்களானோம்.

அடுக்களை ஏன் கழற்றக்கூடியதாய் இருக்க வேண்டும் என்பதை அவள் எனக்கு விளக்கியது இப்படி: "மாமா, வண்டியை நிறுத்தும் இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே கோடு போட்டு வைத்திருப்பார்கள். வால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்து வெயிலிலும் காற்றிலும் நான் நிற்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் மர நிழலில் சமைப்பேன். ஊருக்குத் திரும்பியதும் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, குழாயடியில் கழுவி, அடுத்த தடவைக்கு நிரப்பி வைப்பேன். தெருவில் நின்றுகொண்டு வண்டிக்குள் தலையை விட்டுத் தேய்க்க என்னால் ஆகாது."

இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? நீண்ட காலம் அடுக்களைகளைக் கட்டியவர்கள் அடுப்பூதாத ஆண்மக்களே என்பது என் அபிப்பிராயம். 1926-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துப் புதிய குடியிருப்புகளுக்காகச் சின்னஞ்சிறு சமையலறை ஒன்றை வகுத்துப் புகழ்பெற்றவர் மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற பெண்மணி. அவர் அதற்கு முன்மாதிரியாகப் பார்த்தவற்றுள் ரெயில் வண்டியின் சமையல் பெட்டியும் ஒன்று. ஓடுகிற வண்டியில் சமைக்கிறவனுக்கு ஒரு முழம் இடம்கூட வீணாகக் கூடாது அல்லவா? ஆனால் அவர்கூடத் தமக்குச் சமையல் தெரியாது என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டாராம். ஆகவே என் அபிப்பிராயத்தை நான் அதிகம் அழுத்திச் சொல்வதற்கில்லை.

என் மருமான் மனைவி பலகையைத் தொடுவதற்கு முன் செய்த காரியம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் போக இருந்த இடம் யோஸெமிடி தேசியப் பூங்கா. அங்கே கறுப்புக் கரடிகள் உண்டு. தின்பண்டத்தின் வாசனை பட்டால் காரின் கதவைப் பெயர்த்து எடுத்துவிடக்கூடிய பலசாலிகள். அதனால் முகாமிடும் ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பெட்டகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அரிசி பருப்பு மட்டுமல்ல, சோப்பும் பற்பசையும்கூட அதற்குள் போக வேண்டும். அந்தப் பெட்டகத்தின் அளவை அவள் தேடிக் குறித்துக்கொண்டாள்: அகலம் 45 அங்குலம், ஆழம் 33, உயரம் 18. தன் பெட்டிகளின் உயரம் 16 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். கரடிக்கென்று வைத்த பூட்டு அடுக்களையின் அளவை நிர்ணயித்தது!

ஒரே பெட்டி மூன்று பெட்டியாயிற்று. ஒவ்வொன்றும் 14 அங்குல அகலம், 20 அங்குல ஆழம். ஒன்று அடுப்புக்கு, ஒன்று பாத்திரங்களுக்கு, ஒன்று பண்டங்களுக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 42 அங்குலம். வண்டியின் வாலுக்குள் அடங்கி இரு பக்கமும் விரல் நுழைய இடம் இருக்கும். பக்கப் பலகைக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், முதுகுக்கு 6 மில்லிமீட்டர். கனமான பலகை போட்டால் உறுதி என்று என் மருமான் வாதாடினான். 12 மில்லிமீட்டர்ப் பலகை முழுசாக ஒன்று சுமார் 20 கிலோ கனக்கும்; 18 மில்லிமீட்டர் என்றால் 30. "அந்தப் பத்துக் கிலோவுக்கு அரிசி எடுத்துக்கொண்டு போகலாம்" என்றாள் அவள். விவாதம் அத்துடன் முடிந்தது.

இழுப்பறை ஒன்றுகூட இல்லை. ஓடும் வண்டியில் இழுப்பறை தானாகத் திறந்துகொள்ளும். திறக்காமலிருக்கப் பூட்டு வைத்தால் அந்தப் பூட்டு ஒரு கனம். அதற்குப் பதில், குட்நைட்டின் பெட்டியைப் போலவே முன்பலகை கீழ்நோக்கித் திறந்து, நறுக்குவதற்குத் தட்டாக நிற்கும். உள்ளே பண்டங்களுக்கு எவர்சில்வர் டப்பாக்கள். மசாலைச் சாமான்களுக்கு மட்டும் ஊரிலிருந்து நான் கொண்டுபோயிருந்த அஞ்சறைப் பெட்டி. மிளகாய்ப் பொடியும் மஞ்சள் பொடியும் கலந்துவிடாமல் கரடுமுரடான பாதையில் போக வேண்டுமானால், அறைக் கிண்ணங்களின் வாய் மூடியின் அடியை நன்றாகத் தொட வேண்டும். நம் பாட்டிமார் காலத்துக் கனமான பித்தளைப் பெட்டிகளில் அது தொடும். இக்காலத்து மெல்லிய பெட்டிகளில் தொடுவதில்லை. கிண்ணங்களின் மேல் ஒரு வாழையிலைத் துண்டை வைத்து மூடலாம் என்றேன். அங்கே வாழையிலைக்கு எங்கே போவது? மெழுகுக் காகிதம் வைத்து மூடினோம்.

பெட்டியை வண்டியில் இருத்துவதில்தான் அதிகப் பொழுது சென்றது. வண்டி குலுங்கும்போது பெட்டி முன்பின்னாக நகரும் என்று நினைத்து அடியில் மரச்சட்டங்கள் அடித்தோம். அவற்றினிடையே பெட்டி சறுக்கி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கிச் சோதித்தபோது தெரிந்தது, பெட்டி முன்பின்னாகப் போவதைவிட மேலே குதிப்பதுதான் அதிகம் என்பது. சக்கரத்துக்குப் பின்னால் தள்ளியிருக்கும் இடம் அல்லவா? மாட்டு வண்டியின் பின்முனையில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு திருகாணிகள், கையாலேயே முடுக்கும்படி பெரிய தலையுள்ளவை, தரைப் பலகையில் பதித்த மரையில் இறங்கும்படி வைத்தோம். திருப்புளி வேண்டாம். ஆறு திருகாணியைக் கழற்றினால் அடுக்களை கையோடு வந்துவிடும்.

அடுப்பு இரட்டை வாய்க் காஸ் அடுப்பு. அதன் மூடியும் இரு பக்கத் தகடுகளும் காற்றுக்கு மறைப்பு. காஸ் உருளையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் அடியில் தேங்கும். ஆகவே உருளைக்கு வண்டியின் முன்புறம், ஏர்க்காலின் மேல், அடியில் துளைகளுள்ள தனிப் பெட்டி. பின்கதவைப் பாதி மூடிக்கொண்டு மழைக்கு ஒதுங்கிச் சமைப்பது ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். எரியும் அடுப்பு கார்பன் மோனாக்ஸைடை வெளிவிடும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. படுக்கிற இடமோ ஒரு பலகைக்கு அப்பால் இருக்கிறது.

இவ்வளவும் செய்து முடித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். அடுப்புப் பெட்டி 12 கிலோ, பாத்திரப் பெட்டி 12, பண்டப் பெட்டி 16. பெட்டிகளின் மேல், வாலிலேயே, 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று கிடைமட்டமாகக் கட்டப்பட்டது. சமையலறையில்தானே தண்ணீர் இருக்க வேண்டும்? ஆக மொத்தம் 60 கிலோ.

விரிகுடாப் பக்கத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழியில் ஆல்டமான்ட் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. ஓயாமல் காற்று வீசும் இடம். குன்றுகளின் மேல் காற்றாலைகள் நிற்கின்றன. கணவாயைத் தாண்டிச் சாலை கீழே இறங்குகிறது. டிரெய்லர் இழுக்கும் காருக்கு அம்மாகாணத்தில் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். நாங்கள் அதைத் தாண்டவில்லை. இறக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்து சென்றது. அந்தக் காற்று தள்ளியதில் வண்டியின் வால் ஒரு பக்கம் ஒதுங்கிற்று. திரும்பி மறுபக்கம் ஒதுங்கிற்று. மூன்றாம் தடவை இன்னும் அதிகமாக. காரின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது. பின் ஆசனத்தில் என் பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தை. "பிரேக்கை மிதிக்காதே!" என்று அவன் மனைவி சொன்னாள். அவன் மிதிக்கவில்லை. வளையத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வேக மிதியிலிருந்து மட்டும் காலை எடுத்துவிட்டான். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கிற்று. அதற்குள் நாலைந்து விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கீழே டிரேசி என்ற ஊர். ஒரு கடையின் முன் நிறுத்திவிட்டு நாலு பேரும் இறங்கினோம். "ஏர்க்காலை எடை போட்டுப் பார்த்துத்தானே வாங்கினேன் மாமா! 52 கிலோ இருந்ததே!" என்றான் மருமான்.

அப்போதுதான் எனக்கு எங்கள் கிராமத்து வண்டிக்காரர் நினைவுக்கு வந்தார். நாங்கள் சிறுவர்கள் வண்டியின் பின்பக்கம் கூட்டமாக ஏறிக்கொண்டால் அவர் திரும்பிப் பார்க்காமலே, "பின்பாரமா இருக்குது, முன்னே வந்து குந்துங்க" என்பார். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மாட்டின் நடையிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும். வருஷந்தோறும் எட்டாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்துகிறவன் நான். மூன்று வாரம் அந்தப் பெட்டிகளை இழைத்துத் தேய்த்தேன். அவை அச்சுக்குப் பின்னால் உட்காரப் போகின்றன என்பதை ஒரு தடவையும் யோசிக்கவில்லை. மோட்டார் காருக்குத் தொண்டை இல்லை, ஆகையால் அது முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

இவ்வகை வண்டிகளுக்குப் பொதுவான விதி, மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை ஏர்க்கால் நுனியில் அழுத்த வேண்டும் என்பது. அடுக்களை இல்லாதபோது வண்டி 440 கிலோ, நுனியில் 52. சரியான கணக்கு. மருமான் எடை போட்டது அந்த வண்டியைத்தான். எதிரிலிருந்த கடையில் குளியலறை எடைக் கருவி ஒன்று வாங்கி, அதன் மேல் மரக்கட்டை வைத்து, காரின் கொக்கி உயரத்துக்கே ஏர்க்கால் நுனியை அதன்மேல் இறக்கினோம். முள் 34-ல் நின்றது. வண்டியோ இப்போது 500 கிலோ. நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லை.

பதினெட்டுக் கிலோ எங்கே போயிற்று? கைப்பையிலிருந்த நோட்டில் போட்டுப் பார்த்தேன். அச்சிலிருந்து ஏர்க்கால் நுனி இரண்டரை மீட்டர். அடுக்களையின் நடு அச்சுக்குப் பின்னால் முக்கால் மீட்டர். 60 கிலோவை முக்காலால் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் பதினெட்டே வருகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கு இவ்வளவு துல்லியமாகச் சாலையோரத்தில் பலித்ததைக் கண்டு, நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"தண்ணீர்க் கேனை முன்னால் கொண்டுபோனால்?" என்றாள் அந்தப் பெண். காஸ் உருளை இருந்த முன்பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருந்தது. அச்சிலிருந்து முன்னால் ஒன்றே முக்கால் மீட்டர். வாலிலிருந்து அவிழ்த்து அங்கே கட்டினோம். எடைக் கருவி 54 என்றது. வேறெதையும் நாங்கள் தொடவில்லை. அதே வண்டி, அதே 500 கிலோ, அதே லாரிகள். பிறகு யோஸெமிடி வரையில் வால் ஆடவில்லை. ஓக்டேலுக்கு அப்பால் மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறியபோதும் வண்டி சாதுவாகப் பின்னால் வந்தது. நான் மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முகாமில் பெட்டிகளின் பெருமை தெரிந்தது. ஆறு திருகாணிகளைக் கழற்றி, மூன்று பெட்டிகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, மர நிழலில் போட்டிருந்த மேஜைக்குப் போனோம். அடுப்புப் பெட்டியை அவள் மேஜையின் மேல் வைக்கவில்லை, பக்கத்துப் பலகை ஆசனத்தின் மேல் வைத்தாள். மேஜை மேல் வைத்தால் குக்கருக்குள் எட்டிப் பார்க்க முடியாதாம். வண்டியிலேயே நிலையாக இருந்தால் இந்தச் சலுகை ஏது? சாம்பார் சாதமும் அப்பளமும் ஆயிற்று. இரவு பண்டப் பெட்டியும் அடுப்புப் பெட்டியும் பற்பசையும் இரும்புப் பெட்டகத்துக்குள் போயின. மேலே இரண்டு அங்குல இடம் மிச்சமிருந்தது. கரடி வரவில்லை. குழந்தைக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

மூன்றாம் நாள் காலை புறப்படும் சமயம். பெட்டிகளை ஏற்றித் திருகாணிகளை முடுக்கியாயிற்று. என் மருமான் காரில் உட்கார்ந்து எஞ்சினையும் கிளப்பிவிட்டான். அவன் மனைவி முன்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேன் காலி" என்றாள். மூன்று நாளில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பண்டங்களும் பாதிதான் இருந்தன. ஆனாலும் வாலின் கனம் வாலில்தான் இருந்தது. முன்னால் மட்டும் 20 கிலோ குறைந்துவிட்டது. மீண்டும் நோட்டை எடுத்தேன்: நூற்றுக்கு ஒன்பது. திரும்பிப் போகையிலும் அதே ஆல்டமான்ட்.

"வீட்டுக்குத்தானே போகிறோம், தண்ணீர் எதற்கு?" என்றான் அவன். அவள் பதில் சொல்லாமல் கேனை அவிழ்த்தெடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நானும் கூடப் போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் இப்போது அந்த மூன்று பெட்டிகளும் அடுக்களை அலமாரியின் அடியில் இருக்கின்றன. பண்டப் பெட்டியின் முன்பலகையைத் திறந்தால் உட்புறத்தில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. முதல் வரியில் "திருகாணி ஆறு". இரண்டாம் வரியில் "கேன் முன்னால், போகும்போதும் வரும்போதும் நிரம்ப". மூன்றாம் வரியில் "உப்பு".